மாமாவோட பிபி மாத்திரை அப்பாவோட நுரையீரலக் காப்பாத்துமா?

தென் மாவட்டம் ஒண்ணுல இருந்து ஒரு மகள் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, ஆஸ்பத்திரி எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன்.

அப்பாவுக்கு 63 வயசு. அச்சாபீஸ்ல வேலை பார்த்தவர், முப்பது வருஷம் பீடி குடிச்சவர், நாலு வருஷம் முன்னாடி விட்டுட்டார். வலது நுரையீரல்ல கேன்சர், மூணாவது ஸ்டேஜ், ஆபரேஷன் பண்ற மாதிரி இல்லன்னு சொல்லி கீமோவும் கரண்டும் (கதிர் சிகிச்சை) சேர்த்து வச்சுட்டு இருக்காங்க. மொத்தம் 60 கிரே (கிரேங்குறது கதிரோட அளவு), 30 நாள் கணக்கு, லெட்டர் எழுதுறப்ப 11 முடிஞ்சிருக்கு. கீமோவுல சிஸ்பிளாட்டின் இருக்கு. ஏற்கனவே பிபி உண்டு, தினமும் அம்லோடிபின் 5 எம்ஜி. எடை 62-ல இருந்து 57-க்கு இறங்கிடுச்சு, முழுங்கினா நெஞ்சுல வலிக்குதுன்னு கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார்.

இப்படி இருக்குறப்ப குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு செய்தி வந்திருக்கு: பிபி மாத்திரை போட்டா கரண்ட்டால நல்ல உறுப்புக்கு வர்ற பாதிப்பு குறையும்னு அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்கன்னு. மாமாவுக்கு சுகர், பிபி ரெண்டும் இருக்குறதால ராமிப்ரில் 5 எம்ஜி போடுறார், அந்த அட்டையில இருந்து மூணு மாத்திரை எடுத்து, யார்கிட்டயும் சொல்லாம, அம்லோடிபினோட சேர்த்து மூணு நாள் குடுத்திருக்காங்க. மூணாவது நாள் பாத்ரூம் போயிட்டு வர்றப்ப அப்பா சுவத்தப் பிடிச்சுட்டு உக்காந்துட்டார். பக்கத்து வீட்டு மெஷின்ல பார்த்தா 104/66. பயந்து நிறுத்திட்டாங்க.

அவங்க கேக்குறது இது: அந்த செய்தி நெஜமா பொய்யா? அப்பா ஏற்கனவே பிபி மாத்திரை போடுறதால அவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கா? ராமிப்ரில கொஞ்சமா அரை மாத்திரையா தொடரலாமா? தம்பி வேற, அந்த மாத்திரையே நுரையீரல் கேன்சர் வரவைக்கும்னு எங்கயோ படிச்சேன்னு சண்டை போடுறான், அது உண்மையா? டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரோ, ட்ரீட்மென்ட்ட நிறுத்திடுவாரோ? கடைசியா, ரெண்டு வயசுப் பேரன அப்பா பக்கத்துல விடலாமா?

முதல்ல உங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன்மா. நீங்க பண்ணது தப்புதான், ஆனா என்கிட்ட வர்ற குடும்பங்கள்ல பாதிப் பேர் இந்த மாதிரி ஏதாவது ஒண்ண ரகசியமா பண்ணிட்டுதான் இருக்காங்க, ஒருத்தர் கஷாயம், ஒருத்தர் சாமியார் குடுத்த பொடி, ஒருத்தர் கூரியர்ல வந்த காளான் மாத்திரை. உங்களுது அதுல கொஞ்சம் அறிவியல் இருக்குற ரகசியம், அவ்ளோதான். மூணு மாத்திரையால நிரந்தரமா எதுவும் ஆகியிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஆனா இதப் படிச்ச உடனே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, அத பின்னாடி சொல்றேன்.

செய்தி பொய் இல்ல, ஆனா முழுசும் இல்ல

கரண்ட் வைக்கிறப்ப கேன்சர் கட்டிய குறி வச்சு அடிச்சாலும் அதச் சுத்தி இருக்குற நல்ல நுரையீரலும் கொஞ்சம் வாங்கத்தான் செய்யும். அடுப்புல கை பட்டா அப்பவே தெரியும், இதுல அப்படித் தெரியாது. நுண்ணிய ரத்தக் குழாய்களோட உள்பக்கத் தோல்தான் முதல்ல அடி வாங்குது, வாரக்கணக்குல மெதுவா வீக்கம் வருது, அப்புறம் மாசக்கணக்குல அந்த இடம் தழும்பா இறுகிப்போகுது. முதல்ல வர்ற வீக்கத்த ரேடியேஷன் நிமோனைட்டிஸ்னு சொல்றோம், பெரும்பாலும் கரண்ட் முடிஞ்சு ஒண்ணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள தலைகாட்டும். பின்னாடி வர்ற தழும்பு ஃபைப்ரோசிஸ், அது வந்துட்டா திருப்ப முடியாது.

நடுவுல இப்படி ஒரு இடைவெளி இருக்கே, அதுக்குள்ள ஏதாவது மருந்து குடுத்து தழும்பாகாம தடுக்கலாமான்னுதான் ஆராய்ச்சி போச்சு. அமெரிக்காவுல மில்வாக்கியில இருக்குற விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில ஜான் மோல்டர், எரிக் கோஹன்னு ரெண்டு பேர் 1990கள்ல இருந்தே இதுல மண்டைய உடைச்சுட்டு இருந்தாங்க. எலிக்கு கிட்னியக் கெடுக்குற அளவுக்கு கதிர் குடுத்து, கேப்டோப்ரில், எனலாப்ரில் மாதிரி பிபி மாத்திரைய தண்ணியில கலந்து குடுத்தா கிட்னி கெடுறது நல்லாவே குறைஞ்சுது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கதிர் குடுத்து சில வாரம் கழிச்சு ஆரம்பிச்சாக்கூட பலன் இருந்துச்சுங்குறது. அணு விபத்து மாதிரி ஏதாவது நடந்தா, ஜனங்க கதிர்பட்டதுக்கு அப்புறம்தான நமக்கு சேதியே தெரியும், அதனாலயே அமெரிக்க அரசாங்கமும் இந்த ஆராய்ச்சிக்கு காசு போட்டுச்சு. நுரையீரல்லயும் எலிகள்ல இதே மாதிரி நல்ல சேதிதான்.

ஏன் பிபி மாத்திரை? உடம்புல ஆஞ்சியோடென்சின் 2-ன்னு ஒரு பொருள் இருக்கு. ரத்தக் குழாய இறுக்கி பிபிய ஏத்துறது அதோட தெரிஞ்ச வேலை, வீக்கத்தையும் தழும்பு போடுற வேலையையும் தூண்டி விடுறது தெரியாத வேலை. அத உண்டாக்குற ஏஸ்ங்குற என்சைம் நுரையீரலோட நுண்ணிய குழாய்கள்லதான் எக்கச்சக்கமா உக்காந்திருக்கு. பேரு 'ப்ரில்'னு முடியுற மாத்திரைங்க (ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில்) அந்த என்சைமையே முடக்குது. 'சார்டன்'னு முடியுறது (டெல்மிசார்டன், லோசார்டன்) ஆஞ்சியோடென்சின் வந்து ஒட்டுற பூட்டுல குச்சியச் சொருகி வச்சுடுது. இந்த குடும்பத்துக்கு மூத்த பிள்ளை கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் ஒண்ணோட விஷத்த ஆராய்ஞ்சதுல இருந்து வந்தது, 1981-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. பாம்பு விஷம்னு சொன்னா மாமா மாத்திரையத் தூக்கிப் போட்டுடுவார், அவர்கிட்ட சொல்லாதீங்க.

சரி, மனுஷங்ககிட்ட என்ன ஆச்சு? இங்கதான் வாட்ஸ்அப் செய்தி வாயத் தொறக்கல.

எலும்பு மஜ்ஜை மாத்துறதுக்காக உடம்பு முழுக்க கதிர் வாங்கின 55 பேர வச்சு அதே மில்வாக்கி குழு கேப்டோப்ரில சோதிச்சு 2008-ல வெளியிட்டாங்க. கிட்னி கொஞ்சம் நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சுது, ஆனா அது மாத்திரையாலதான்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு கணக்கு வரல. நுரையீரல் கேன்சர்ல ஆர்டிஓஜி 0123-ன்னு ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க, போதுமான ஆள் சேராம பாதியிலயே மூடிட்டாங்க, அதோட கட்டுரை 2018-ல வந்தப்பவும் ஆமான்னோ இல்லன்னோ சொல்ல முடியல. லிசினோப்ரில வச்சு ஒரு சின்ன சோதனை 2019-ல வந்துச்சு, இருபத்திச் சொச்சம் பேருதான், மாத்திரையத் தாங்கிக்கிட்டாங்க, மூச்சுத் திணறல் கொஞ்சம் குறைவுங்குற மாதிரி ஒரு சாயல், அவ்ளோதான்.

இது போக பழைய கேஸ் ஃபைல்கள புரட்டிப் பார்த்த ஆய்வுகள் இருக்கு. மில்வாக்கியில 162 நுரையீரல் கேன்சர் நோயாளிகளப் பார்த்ததுல, தற்செயலா 'ப்ரில்' மாத்திரை போட்டுட்டு இருந்தவங்கள்ல 2 சதவீதம் பேருக்குத்தான் கவனிக்கிற அளவுக்கு நிமோனைட்டிஸ், போடாதவங்கள்ல 11 சதவீதம். உங்க குரூப்ல சுத்துனது அனேகமா இந்த மாதிரி ஒரு கணக்காத்தான் இருக்கும். ஆனா அதுக்கு முன்னாடியே, 2000-த்துல, டியூக் யுனிவர்சிட்டியில இதே கேள்விய வச்சு ஃபைல்கள பார்த்தவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியல. ஃபைல் புரட்டுறதுல இதான் பிரச்சினை, மாத்திரை போட்டவங்க வேற எந்த விதத்துல வித்தியாசப்பட்டாங்கன்னு முழுசா பிரிச்செடுக்க முடியாது.

அதனால என் கருத்து: ஐடியா நல்ல ஐடியா, எலிக்கு நிரூபணம் ஆயிடுச்சு, அப்பாவுக்கு இன்னும் ஆகல. நுரையீரலக் காப்பாத்துறதுக்குன்னு மட்டும் இந்த மாத்திரைய நான் யாருக்கும் எழுதுறதில்ல.

"ஏற்கனவே பிபி மாத்திரை போடுறாரே?"

அம்லோடிபின் வேற ரூட். அது ரத்தக் குழாய் தசையில கால்சியம் போற வழிய அடைச்சு பிபிய இறக்குது, ஆஞ்சியோடென்சின் பக்கமே போறதில்ல. பிபிய இறக்குனா நுரையீரல் தப்பிக்கும்ங்குற கணக்குல நீங்க ரெண்டு மாத்திரைய சேர்த்திருக்கீங்க, அந்த கணக்குதான் இடிக்குது. இதுல பலன்னு ஏதாவது இருந்தா அது ஆஞ்சியோடென்சினத் தடுக்குறதால வர்றது, பிபி எவ்ளோ இறங்குதோ அவ்ளோ பாதுகாப்புன்னு இல்ல. 104-க்கு இறக்குனதால அப்பாவுக்கு கிடைச்சது தலைசுத்தல் மட்டும்தான்.

அதே சமயம் உங்க அப்பா விஷயத்துல அம்லோடிபினையே டாக்டர் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கலாம். அஞ்சு கிலோ இறங்கி, கஞ்சி மட்டும் குடிச்சுட்டு, தண்ணியும் சரியா இறங்காம இருக்குற உடம்புக்கு பழைய டோஸ் கூடுதலாப் போயிடும். கீமோ கரண்ட் நேரத்துல பிபி விஷயத்துல நான் அடிக்கடி பார்க்குறது பிபி ஏறிப்போறது இல்ல, எல்லாரும் பழைய சீட்டுப்படியே மாத்திரையக் குடுத்துட்டு இருக்க அது இறங்கிப்போறதுதான். நீங்களா நிறுத்தாதீங்க. காலையிலயும் சாயங்காலமும், உக்காந்து ஒரு தடவை, எழுந்து நின்னு ஒரு தடவை பிபி பார்த்து ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. அந்த தாளப் பார்த்தா டாக்டரே முடிவு பண்ணிடுவார்.

அரை மாத்திரையா தொடரலாமா

வேண்டாம். இப்ப வேண்டாம்.

ராமிப்ரில் கெட்ட மாத்திரை இல்ல. மாமாவுக்கு சுகரோட பிபியும் இருக்குறதால, கிட்னியக் காப்பாத்துற நோக்கமும் சேர்ந்தே அவரோட டாக்டர் எழுதியிருப்பார். அதே மாத்திரை, உடம்புல நீர் வத்தியிருக்குறப்ப கிட்னிக்கு எதிரா திரும்பும். அப்பாவுக்குப் போறது சிஸ்பிளாட்டின், அது கிட்னிய நேரடியா தாக்குற மருந்து, அதனாலதான் கீமோ அன்னைக்கு பாட்டில் பாட்டிலா குளுக்கோஸும் உப்புத் தண்ணியும் ஏத்துறாங்க. வாந்தி, சாப்பாடு இல்ல, சிஸ்பிளாட்டின், மேல ராமிப்ரில், அதுவும் முதல் நாளே 5 எம்ஜி (நாங்களே புதுசா ஆரம்பிச்சா 2.5 இல்ல 1.25-ல தான் ஆரம்பிப்போம்). கிட்னி ஒரே வாரத்துல படுத்துச்சுன்னா கீமோவ நிறுத்த வேண்டி வரும். அப்ப நுரையீரலக் காப்பாத்தப் போயி கேன்சர் ட்ரீட்மென்ட்டையே இழந்த கதை.

பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு. 'ப்ரில்', 'சார்டன்' ரெண்டுமே ரத்தத்துல பொட்டாசியத்த ஏத்தும். கரண்ட் சூடு, உடம்பு குளிரணும்னு சொல்லி நம்ம வீடுகள்ல தினம் ரெண்டு மூணு இளநீர் குடுப்போம், இளநீர்ல பொட்டாசியம் நிறைய. கிட்னி கொஞ்சம் சோர்ந்திருக்குறப்ப இது ரெண்டும் சேர்ந்தா இதயத்துடிப்பு தடம் மாறுற அளவுக்குப் போகலாம். பிபிக்கு நல்லதுன்னு விக்கிற சோடியம் கம்மி உப்புலயும் சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம்தான். முதுகு வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோபினாக் வாங்கிப் போட்டாருன்னா கிட்னிக்கு இன்னொரு அடி. இப்ப ராமிப்ரில நிறுத்திட்டீங்க, அதனால இளநீர் ஒண்ணு குடுக்குறதுல தப்பில்ல, அடுத்த ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற அளவு) பொட்டாசியமும் என்னன்னு பார்த்துட்டு தொடருங்க.

கடைசியா இருமல். இதத்தான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். 'ப்ரில்' மாத்திரை போடுறவங்கள்ல கணிசமான பேருக்கு வறட்டு இருமல் வரும். ரேடியேஷன் நிமோனைட்டிஸோட முதல் அறிகுறி என்ன? அதே வறட்டு இருமல். பல வருஷம் முன்னாடி என்கிட்ட ஒருத்தர் கரண்ட் முடிஞ்சு ரெண்டு மாசத்துல விடாத இருமலோட வந்தார், நானும் நிமோனைட்டிஸ்னு நினைச்சு ஸ்டீராய்டு ஆரம்பிச்சேன், சுகர் எகிறுச்சு, முகம் வீங்குச்சு, இருமல் மட்டும் அப்படியே. ஆறு வாரம் கழிச்சு அவரு சம்சாரம் மாத்திரைப் பையக் கொட்டுனப்பதான் தெரிஞ்சுது, ஊர்ல வேற ஒரு டாக்டர் புதுசா எனலாப்ரில் எழுதியிருக்கார். மாத்துனோம், ரெண்டு வாரத்துல இருமல் போச்சு. முதல் நாளே பையக் கொட்டச் சொல்லாதது என் தப்பு. உங்க வீட்ல ரகசியமா குடுத்திருந்து அப்பாவுக்கு இருமல் வந்திருந்தா, அவரு டாக்டருக்கு அந்தக் கண்டுபிடிக்கிற வழியே இருந்திருக்காது. இன்னொண்ணு, அபூர்வமா இந்த மாத்திரையால உதடு, நாக்கு வீங்கும், அப்படி வந்தா வீட்ல உக்காந்து யோசிக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓடணும்.

தம்பி சொன்னது

தம்பி படிச்சதும் முழுப் பொய் இல்ல. 2018-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு, பிரிட்டன்ல கிட்டத்தட்ட 10 லட்சம் பேரோட பதிவுகள்ல, 'சார்டன்' போட்டவங்களோட ஒப்பிட்டா 'ப்ரில்' போட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 14 சதவீதம் அதிகம்னு. 14-ன்னதும் பயமா இருக்கும், ஆனா ஆயிரம் பேர ஒரு வருஷம் பார்த்தா 1.2 பேருக்கு வர்றது 1.6 ஆகுது, அந்த அளவு (இது நேரா எண்ணுன கணக்கு, ரெண்டு கூட்டத்துக்கும் இருக்குற மத்த வித்தியாசங்களக் கழிச்சா வர்றதுதான் அந்த 14 சதவீதம்). அதுவும் அஞ்சு வருஷத்துக்கு மேல போட்டவங்ககிட்டதான் தெரிஞ்சுது. இந்த மாத்திரையால இருமல் வந்து, இருமலுக்காக ஸ்கேன் எடுத்து, அதனால கேன்சர் கண்ணுல பட்டிருக்கலாம்னும் ஒரு வாதம் உண்டு. முப்பது வருஷ பீடிக்கு முன்னாடி இதெல்லாம் தூசு. மூணு மாத்திரைக்கும் அப்பாவோட கட்டிக்கும் சம்பந்தமே இல்ல, தம்பிகிட்ட சண்டைய முடிச்சுக்கோங்க.

இப்ப என்ன பண்ணலாம்

முதல்ல, நான் மேல சொன்ன அந்த ஒண்ணு: நாளைக்கு கரண்ட் வைக்கப் போறப்ப டாக்டர்கிட்ட "மூணு நாள் ராமிப்ரில் 5 குடுத்துட்டோம், மயக்கம் வந்துச்சு, நிறுத்திட்டோம்"னு ஒரே வரியில சொல்லிடுங்க. கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க, அடுத்த சிஸ்பிளாட்டினுக்கு முன்னாடி அது கட்டாயம். திட்டுவாரான்னா, ரெண்டு வார்த்தை சொல்லத்தான் செய்வார், நானா இருந்தாலும் சொல்லுவேன். இதுக்காக யாரும் ட்ரீட்மென்ட்ட நிறுத்த மாட்டாங்க.

ரெண்டாவது, நுரையீரலக் காப்பாத்துற வேலை ஏற்கனவே பிளானிங்லயே நடந்திருக்கும், அதப் பத்தி கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. "வி20 எவ்ளோ, சராசரி லங் டோஸ் எவ்ளோ"ன்னு கேளுங்க. வி20-ன்னா நல்ல நுரையீரல்ல எத்தனை சதவீதம் 20 கிரேயும் அதுக்கு மேலயும் வாங்குதுங்குறது, பொதுவா 35-க்குள்ள வைப்போம், சராசரி டோஸ் 20 கிரேக்குள்ள. ரிப்போர்ட் காப்பி எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு 2002-ம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதி இருக்கு, ஆனா சிரிச்ச முகமா கேட்டா பெரும்பாலும் அன்னைக்கே குடுத்துடுவாங்க.

மூணாவது, 'ப்ரில்' 'சார்டன்' ஆசைய மொத்தமா விட வேண்டாம். கரண்டும் கீமோவும் முடிஞ்சு, அப்பா சாப்பிட ஆரம்பிச்சு, பிபி திரும்ப 140-க்கு மேல ஏறுச்சுன்னா, எப்படியும் ஒரு பிபி மாத்திரை வேணும்ல, அப்ப "அம்லோடிபினுக்கு பதிலா டெல்மிசார்டன் மாதிரி ஒண்ணு குடுக்கலாமா"ன்னு கேளுங்க. பிபிக்காக எப்படியும் போடப்போற மாத்திரை, அதுல கூடுதலா ஏதாவது நன்மை இருந்தா இருந்துட்டுப் போகட்டும். 'சார்டன்'ல இருமல் தொல்லையும் ரொம்பக் கம்மி, அதனால அப்பா மாதிரி ஆளுக்கு நான் அதத்தான் தேர்ந்தெடுப்பேன். டாக்டர் வேண்டாம்னு சொன்னா அதுக்கும் காரணம் இருக்கும், கிட்னி ரிப்போர்ட் அவர் கையிலதான இருக்கு.

அப்புறம், கரண்ட் முடிஞ்சு ஆறு மாசம் வரைக்கும் புது இருமல், படியேறுனா மூச்சு வாங்குறது, லேசான காய்ச்சல் எது வந்தாலும் சளின்னு சிரப் வாங்கிக் குடுத்துட்டு இருக்காதீங்க. மாத்திரைப் பையோட கரண்ட் வச்ச டாக்டர்கிட்டயே போங்க. சீக்கிரம் பிடிச்சா ஸ்டீராய்டுல பெரும்பாலும் அடங்கிடும். முழுங்குறப்ப வலிக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கிற மரத்துப்போற மருந்து இருக்கு, அதையும் நாளைக்கே கேளுங்க, ஏன்னா அப்பாவுக்கு இப்ப எந்த மாத்திரையையும் விட சாப்பாடு உள்ள போறதுதான் அவசரம்.

பேரன் விஷயம். வெளியில இருந்து மெஷின்ல வைக்கிற கரண்ட், மெஷின் நின்ன உடனே நின்னுடும், அப்பா உடம்புல கதிர் எதுவும் தங்காது, தொட்டா ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒண்ணும் வராது. தாராளமா மடியில உக்கார வைங்க. பையனுக்கு சளி காய்ச்சல் இருக்குற நாள்ல மட்டும் தள்ளி வைங்க, அதுவும் பேரனுக்காக இல்ல, கீமோவால அப்பாவுக்கு வெள்ளணு குறைஞ்சிருக்கும்.